குடும்பக் கட்டுப்பாட்டுக் களப்பணியாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

பயிற்சி முடிந்த கையோடு உங்களிடம் அறிக்கை கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கையில் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்கள் மட்டும் இருக்கும். அதை வைத்து 'பயிற்சி வெற்றி' என்று எழுதிவிடாதீர்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்தவள்.

அந்தக் குழுவில் முதல் மதிப்பெண் வாங்கியவர், கருத்தடை மாத்திரை மூன்றோ அதற்கு மேலோ விட்டுப்போனால் மறுபடி தொடர்ந்து 7 நாள் போடும்வரை ஆணுறையும் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 3 மாதம் கழித்து அவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். கருத்தடை ஊசி போட்டிருந்த பெண், "ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரலை, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சோ?" என்று கேட்டார். இவர் ரெஜிஸ்டரில் தேதியை எழுதிக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். தலை நிமிரவில்லை. அடுத்த ஊசிக்கு அந்தப் பெண் வரவே இல்லை.

ஊசியால் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்துவிடும், உதிர ஒன்றும் இருக்காது, ரத்தம் எங்கும் தேங்குவதில்லை. இதை வகுப்பில் சொன்னோம். பயந்துபோன ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிப் பழக வைக்கவில்லை. குறை எங்களுடையது, அவருடையது இல்லை.

இப்போது பணியாளர் இல்லாத நேரத்தில் பயனாளியிடமே கேட்கிறேன். வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா? பக்கவிளைவு சொன்னார்களா? வந்தால் என்ன செய்யச் சொன்னார்கள்? பல நாடுகளின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் கேட்கிற கேள்விகள்தான் இவை. எத்தனை பேரைச் சேர்த்தார் என்ற கணக்கை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள், அது கட்டாயப்படுத்துவதில் போய் நிற்கும்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரியாதவரைக் களத்துக்கு அனுப்ப முடியாது. 'மேலதிகாரி கூடப் போனால் எல்லாரும் ஒழுங்காகத்தான் நடப்பார்கள்' என்றும் சிலர் சொல்வார்கள். சரி, நான் பக்கத்தில் நிற்கும்போதே தலை நிமிராதவர், தனியாகப் போனால்?