பாட்டியின் வீட்டுக்குப் புள்ளி வேண்டாம்

கேள்வி: சனிக்கிழமைதோறும் எங்கள் சபையினர் வீடு வீடாக ஊழியத்துக்குப் போகிறோம். முன்பு கையால் வரைந்த தாளோடு போவோம். இப்போது இளைஞர்கள் கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி வைக்கிறார்கள். ‘கணவர் குடிப்பவர்’, ‘பாட்டி தனியாக இருக்கிறார்’ என்று குறிப்பும் எழுதி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். எனக்கு உறுத்துகிறது. சொன்னால், புதியது எதுவும் எனக்குப் பிடிக்காது என்கிறார்கள். தவறு என்னுடையதா? - வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, தவறு உங்களுடையதல்ல.

கைப்பேசியில் வழி பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தாலே நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் அடுக்குமாடிகளுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி பக்கத்து புளோக்குக்குத் தாவிவிடும். எந்த மாடி என்பதையும் அது சரியாகச் சொல்லாது. லிப்டில் நான்குக்குப் பதில் 3ஏ என்று போட்டிருக்கும் கட்டடங்களில் உங்கள் பழைய தாள்தான் கைகொடுக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பத்துமலைப் பக்கம் போனால் நீங்கள் கோலாலம்பூரைத் தாண்டி சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறீர்கள். முஸ்லிம்களிடம் பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உண்டு. எல்லை தாண்டிவிட்டோம் என்று வழிகாட்டும் குரல் எச்சரிக்காது. வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்தக் குறிப்புகளுக்கு வருகிறேன். படிக்கும்போதே எனக்குப் பதறியது. பாட்டி கதவைத் திறந்து தன் தனிமையைச் சொன்னது எதிரே நின்றவரை நம்பித்தான். அது இப்போது எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது? அவற்றில் ஒன்று தொலைந்தாலும், தனியாக ஒரு மூதாட்டி இருக்கும் வீட்டுக்குத் திருடனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும்.

இதே போன்ற வழக்கு ஐரோப்பாவில் நடந்திருக்கிறது. பின்லாந்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயக் குழுவினர் வீடு வீடாகப் போய் எடுத்த குறிப்புகளைப் பற்றியது அது. அவை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. எழுதியவரோடு அந்தச் சமயக் குழுவுக்கும் பொறுப்பு உண்டு என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிக நடவடிக்கைகளைப் பற்றியதுதான். அதற்காக, அந்த வீட்டுப் பெண் தன் கணவரின் குடியைப் பற்றி ஊரார் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் மனம் நோகாமல் இருப்பாரா?

எந்தத் தெரு முடிந்தது, எந்த நாளில் போனோம், எந்த வீட்டில் ‘வர வேண்டாம்’ என்றார்கள், இவ்வளவும் வரைபடத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது கட்டாயம் இருக்க வேண்டும். வேண்டாம் என்றவர் வாசலில் மறுபடியும் போய் நிற்கக் கூடாது. நோய், குடி, சண்டை எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

அந்த இளைஞர்களிடம் கோபப்படாதீர்கள். ஒரு குறிப்பை எடுத்து, அந்த வீட்டார் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க நாக்கு எழாது.

பாட்டியைப் பார்க்கப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் வீட்டுக்கு வழி உங்களுக்கே தெரியும்.