சுண்ணாம்பு மாதிரி போகிறது, டாக்டர்!

நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் பச்சைக் கறியைப் பற்றித்தான். எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள்.

எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது, 30 கிலோ. இரண்டு மாதமாகச் சோற்றை நிறுத்திவிட்டு பச்சைக் கோழிக் கழுத்தும் காலும் மட்டும் போடுகிறோம். மலம் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்கிறது, முக்கி முக்கிப் போகிறான். நாற்றமே இல்லை, அதனால் நல்லதுதான் என்கிறான் என் தம்பி. நல்லதா? — வாசகி, மதுரை

தம்பி சொல்வதில் பாதி சரி. பச்சைக் கறி நாய்க்கு நன்றாகவே செரிக்கும், மிச்சம் குறைவு, அதனால் மலத்தின் அளவும் நாற்றமும் குறையும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளையாக உதிர்வது செரிமானம் நன்றாக இருப்பதற்கு அடையாளம் இல்லை, எலும்பு அதிகம் போகிறது என்பதற்கு அடையாளம். அந்த வெள்ளைக் கட்டியைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள், உள்ளே மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அது எலும்புத் தூள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பச்சைக் கறி போடுபவர்கள் வழக்கமாக உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் கொடுப்பார்கள், உங்கள் பையனுக்கு 600 முதல் 900 கிராம். கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்காவது எலும்பு இருக்கும், கால் என்றால் கேட்கவே வேண்டாம், தோலும் எலும்பும்தான். ஆக தினம் கால் கிலோவுக்குப் பக்கம் எலும்பு உள்ளே போகிறது. பச்சைக் கறிக்கு வக்காலத்து வாங்குபவர்களே எலும்பு பத்து சதவீதம் போதும் என்றுதான் சொல்கிறார்கள்! விலை குறைவு என்று கழுத்தையே முழுச் சாப்பாடாக ஆக்கும்போதுதான் வம்பு வருகிறது. மலம் பெருங்குடலிலேயே இறுகி நின்றுவிட்டால், மயக்க மருந்து கொடுத்துக் கையால் எடுக்க வேண்டிய நிலைமை வரும், அதை ஒரு முறை பார்த்தவர்கள் அப்புறம் கழுத்து வாங்க மாட்டார்கள்.

இப்போதைக்கு எலும்பை அடியோடு நிறுத்துங்கள். எலும்பில்லாத கறியை வேக வைத்து, குழைந்த சாதமும் வேக வைத்த பரங்கிக்காயும் சேர்த்து, தண்ணீர் தாராளமாக விட்டுக் கொடுங்கள். இரண்டு நாளாகியும் முக்கல் மட்டும் இருக்கிறது, ஒன்றும் வரவில்லை, அல்லது வாந்தி எடுக்கிறான் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டிலேயே எனிமா கொடுப்பது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

கழுத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. நாய்களுக்கு வரும் ஒருவகை நரம்புத் தளர்ச்சி நோய் அதன் விஷயம். பின்னங்கால்களில் தொடங்கி முன்னங்கால், கழுத்து, முகம் என்று தளர்ந்துகொண்டே வரும், தேறுவதற்குப் பல மாதம்கூட ஆகலாம். பச்சைக் கோழிக் கறி சாப்பிட்ட நாய்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்குக்கும் மேல் என்று அதில் கண்டார்கள். கோழியின் குடலில் சாதாரணமாக இருக்கும் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி மேல்தான் சந்தேகம். அரிதான நோய்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தால் தீர்ந்துபோகிற ஆபத்தை ஏன் மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்? கொதிக்க வைக்கும்போது எலும்பை எடுத்துவிட வேண்டும், அது ஏன் என்று கீழே வருகிறது.

நாய் ஓநாய் பரம்பரைதானே? அரிசி, ராகி எல்லாம் அதற்குச் செரிக்கவே செரிக்காது, வயிற்றில் இருக்கும் அமிலமே எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். — வாசகர், கோயம்புத்தூர்

பரம்பரை உண்மை. ஆனால் ஓநாய் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து பல ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதற்குள் வயிறும் மாறிவிட்டது. 2013-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் தலைமையில் ஒரு குழு இதைப் பார்த்தது. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்குகிற மரபணு, ஓநாய்க்கு இரண்டு பிரதிதான் இருந்தது. நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது வரை இருந்தது. அதற்கு மரபணு ஆராய்ச்சிகூட வேண்டாம், கூழும் பழைய சோறும் தின்றே காடு மேடெல்லாம் முயல் துரத்திய நம் ஊர் நாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், நாயின் எச்சிலில் அமைலேஸ் கிடையாது என்றே சொல்லலாம். அதனால் அரைவேக்காட்டுச் சோறு ஆகாது, நன்றாகக் குழைய வேண்டும்.

அமிலம் விஷயம் கொஞ்சம் சிக்கல். நாயின் இரைப்பை அமிலம் கடுமையானதுதான், நிறையக் கிருமிகள் அதில் சாகின்றன. எல்லாம் சாவதில்லை. சால்மொனெல்லா தப்பித்துக் குடலுக்குள் போய்விட்டால், நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஆரோக்கியமாகவே இருக்கும், மலத்தில் மட்டும் கிருமி வந்துகொண்டே இருக்கும். அதே நாய் பின்புறத்தை நக்கிவிட்டு வந்து குழந்தையின் கன்னத்தை நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கையாக வைத்ததற்கு நாயின் வயிறு மட்டும் காரணமில்லை, அதனோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும்தான். உங்கள் வீட்டில் கைக்குழந்தையோ, வயதான அம்மாவோ, கீமோ சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மூன்று மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. வந்த நாளிலிருந்து எலும்பில்லாத பச்சைக் கறிதான், தினம் அரைக் கிலோ, குறையே வைக்கவில்லை. இப்போது முன்னங்கால் வளைகிறது, தூக்கினால் கத்துகிறது, வெளிக்குப் போகவும் சிரமப்படுகிறது. — வாசகர், திருநெல்வேலி

தம்பி, இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஏறக்குறைய இல்லை. ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு பாஸ்பரஸ். வளரும் குட்டிக்கு வேண்டியதோ நேர்மாறு, கால்சியம் பாஸ்பரஸைவிட ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் ஓடாது, அதனால் உடம்பு கண்ணை மூடிக்கொண்டு எலும்பிலிருந்து எடுக்கும். கட்டின சுவரிலிருந்து செங்கல்லை உருவி அடுப்பு கட்டுகிற மாதிரி. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும். இடுப்பெலும்பும் மெலிந்து உள்ளே சரிந்துவிட்டால் மலம் வரும் வழியே குறுகிவிடும், குட்டி வெளிக்குப் போகச் சிரமப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எலும்பைத் தின்று வருகிற மலச்சிக்கலை மேலே பார்த்தோம், எலும்பே இல்லாமல் வருவது இது.

குட்டிக்குச் சரிவிகிதக் குட்டி உணவு, ஓட்டம் குதியாட்டம் இல்லாத ஓய்வு, மருத்துவரின் மேற்பார்வை, இவைதான் வழி. கால்சியம் டானிக்கை நீங்களாகக் கரண்டி கரண்டியாக ஊற்றாதீர்கள், பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

ஆட்டுக்கறிக் கடையில் நுரையீரல், ஈரல் ஓரமெல்லாம் சும்மா தருகிறார்கள். ஃப்ரீசரில் வைத்துப் பச்சையாகப் போடலாமா? — வாசகி, திண்டுக்கல்

போடாதீர்கள். கடைக்காரர் எந்த ஈரலைச் சும்மா தருகிறார் என்று யோசியுங்கள். சில ஈரலிலும் நுரையீரலிலும் கொப்புளம் மாதிரி, உள்ளே தெளிந்த நீரோடு கட்டி இருக்கும், அந்த இடத்தை வெட்டி ஓரமாக எறிவார்கள். அது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கும் பை. நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளரும், நாய்க்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் மலத்தில் வரும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் கல்லீரலில் அதே நீர்க்கட்டி வரும். பல வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாமே இதைக் கொல்லாது, பிராசிகுவாண்டெல் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்து போதுமான நாள் வைத்தால் புழுவின் பை சாகும். சால்மொனெல்லா சாகாது, தூங்கும். கரண்ட் போய் வந்தால் எழுந்துகொள்ளும். ஈரல் வேக வைத்தாலும் கொஞ்சமாகத்தான், அதிகமானால் கறுத்துத் தளர்வாகப் போகும்.

பிரியாணி எலும்பு? — வாசகர், ஆம்பூர்

ஆம்பூரிலிருந்து வேறு என்ன கேள்வி வரும்! கூடாது. வெந்த எலும்பு வளையாது, ஊசி ஊசியாகப் பிளக்கும், குடலைக் குத்தும். மசாலாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பச்சை நல்லி எலும்பு என்றால் கடைவாய்ப் பல்லுக்கு ஆபத்து.

பச்சைக் கறிக்கு மாற்றிய மூன்றாம் நாளே பேதி. உடம்பு பழகுகிறது, விஷம் வெளியேறுகிறது, விட்டுவிடு என்கிறார்கள். விடலாமா? — வாசகி, சென்னை

விஷமும் வெளியேறவில்லை, ஒன்றும் வெளியேறவில்லை, உணவுதான் செரிக்காமல் வெளியேறுகிறது. எந்த உணவுக்கு மாற்றினாலும் ஏழு முதல் பத்து நாள், பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி மாற்ற வேண்டும். ஒரே நாளில் கொழுப்போடு கறியைக் கொட்டினால் பேதி வராமல் என்ன செய்யும். நாய் சுறுசுறுப்பாக இருந்தால் தோலில்லாத கோழியும் குழைந்த சாதமும் உப்பு, மசாலா இல்லாமல் ஒரு நாளைக்கு நாலைந்து வேளையாகக் கொடுங்கள், இரண்டு நாளில் கட்டிவிடும். முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்து, பின்புறத்தைத் தூக்கிக் கும்பிடுவது மாதிரி நின்று வாந்தியும் எடுத்தால் கணைய வீக்கமாக இருக்கலாம், அன்றே கிளம்புங்கள். தடுப்பூசி முடியாத குட்டி ரத்தமாகப் போனால் உணவைக் குறை சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் பேதியை நிறுத்தும் மாத்திரை, வலி மாத்திரை எதையும் தொட வேண்டாம்.

வரும்போது மலத்தைப் போனில் படம் எடுத்து வாருங்கள், அதோடு அன்றைக்குப் போனதில் ஒரு ஸ்பூன் அளவு மூடி போட்ட டப்பாவில். ஐஸ்கிரீம் டப்பா வேண்டாம், ஒருவர் அப்படிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனார், என் உதவியாளர் ஆசையாகத் திறந்துவிட்டார்.