பூனைக்கு கொரோனா ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் அது எஃப்ஐபி-தானா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது மாதப் பூனை, விட்டு விட்டுக் காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டே போகிறது, ஆன்டிபாடி பாசிட்டிவ், இது எஃப்ஐபி (பூனைக் கொரோனா வைரஸ் உடலுக்குள் மாறி வரும் கடுமையான அழற்சி நோய்), பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து எந்த டெஸ்ட் எடுக்கலாம் என்பது உங்கள் கேள்வி. தருமபுரியில் கால்நடைகளின் ரத்தம், சாணம் எல்லாம் பார்க்கும் லேபில் வேலை செய்கிறேன். ஆன்டிபாடி பாசிட்டிவை மட்டும் வைத்து யாரும் நம்பிக்கையைக் கைவிட வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

பூனைக் கொரோனா வேறு, கோவிட் வேறு. இது மனிதருக்கு ஒட்டாது, கோவிட் கிட்டிலும் தெரியாது. பல பூனைகள் உள்ள வீட்டில் பெரும்பாலானவற்றின் குடலில் இந்த வைரஸ் வந்து போயிருக்கும், லேசான பேதியோடு சரி. தொற்றிய பூனைகளில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதத்துக்கு மட்டும் வைரஸ் உடலுக்குள்ளேயே மாறி எஃப்ஐபி ஆகிறது. ஆன்டிபாடிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மலத்தில் எடுக்கும் பிசிஆரும் அப்படித்தான், வைரஸ் வெளியேறுகிறது என்பதை மட்டும் காட்டும்.

உங்கள் பூனைக்கு வயிற்றில் நீர் இருந்தால், அந்த நீரைத்தான் பார்க்க வேண்டும். எஃப்ஐபி நீர் பெரும்பாலும் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். சிரிஞ்சிலிருந்து விடும்போது நூல் விடும். புரதம் மிக அதிகம், செல்கள் குறைவு.

இந்த நீரைச் சோதிக்கும் ரிவால்டா டெஸ்ட்டுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். டெஸ்ட் டியூபில் 5 முதல் 8 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலம், நன்றாகக் கலக்கிவிட்டு மேலே ஒரு சொட்டு வயிற்று நீர். வெல்லப் பாகில் பதம் பார்ப்பதுபோல்தான் பார்ப்போம். சொட்டு கரைந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் நெகட்டிவ், எஃப்ஐபி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உருக்குலையாமல் மேலே தொங்கினாலோ மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். ஆனால் பாக்டீரியா சீழ், லிம்போமா புற்றுநோய் இவற்றிலும் பாசிட்டிவ் வரலாம். அதனால் ஸ்லைடில் செல்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அதே நீரில் டோட்டல் புரோட்டீன், ஆல்புமின் எடுக்க வேண்டும். சாதாரண பயோகெமிஸ்ட்ரி மெஷின் போதும். உதாரணத்துக்கு, புரோட்டீன் 7.5, ஆல்புமின் 1.8 என்றால் மீதி 5.7 குளோபுலின், 1.8ஐ 5.7ஆல் வகுத்தால் 0.32. இந்த விகிதம் 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் பலப்படும், 0.8க்கு மேல் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும்.

உறுதிப்படுத்த, அந்த நீரிலேயே ஆர்டி-பிசிஆர் செய்யலாம். பாசிட்டிவ் வந்தால் நல்ல ஆதாரம், நெகட்டிவ் வந்துவிட்டது என்பதாலேயே எஃப்ஐபி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எல்லாவற்றிலும் உறுதியானது, திசுவை எடுத்து மேக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும்) செல்களுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று, வைரஸை அடையாளம் காட்டும் இம்யூனோ சாயமேற்றிப் பார்ப்பது. சோர்ந்து கிடக்கும் பூனைக்கு அறுவை செய்து திசு எடுப்பதை நான் விரும்புவதில்லை, நீர் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் அதிகம் இல்லை. நீர் கட்டாத உலர் வகையில்தான் சிக்கல். அங்கே நிணநீர் முடிச்சில் ஊசி போட்டுச் செல்களை எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் எஃப்ஐபி என்றால் கிட்டத்தட்ட மரணம்தான். 2019ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 84 நாள் கொடுத்துப் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றியது. மருந்து தொடங்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பூனைக்கு நஷ்டம்.

நீர் எடுக்கும்போது ஊதா மூடி டியூபில் கொஞ்சம், சாதா டியூபில் கொஞ்சம் என்று பிரித்து வாங்குங்கள். ரிவால்டாவும் புரோட்டீனும் உள்ளூரிலேயே அன்றைக்கே முடிந்துவிடும். பிசிஆருக்குப் பெங்களூருவோ சென்னையோ அனுப்புவதானால் ஐஸ் பேக் வைத்து அனுப்புங்கள், உறைய விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் அந்த லேபுக்கு போன் செய்து, பூனைக் கொரோனாவுக்கான பிசிஆர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.