90 இல் 1 என்று கடிதம் வந்த தங்கச்சிக்கு

முள்ளியவளையிலிருந்து லண்டனுக்கு வந்து ஐந்து மாதமே ஆன நீங்கள், ஸ்கானுக்குப் பின் "90 இல் 1" என்று கடிதம் வந்ததையும், இன்னொரு இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று மிட்வைஃப் சொன்னதையும் எழுதி, பிள்ளைக்குக் குறையா, சொந்த மச்சானைக் கட்டியதாலா என்று கேட்டிருந்தீர்கள்.

தங்கச்சி, அந்த இலக்கம் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்வது; மரபுச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 21 ஆவது ஒன்று மேலதிகமாக இருக்கும் பிறவி நிலைதான் அது. அந்த இலக்கம் வந்த 90 தாய்மாரில் 89 பேரின் பிள்ளைகளுக்கு அது இராது. இங்கிலாந்தில் 150 இல் 1 அல்லது அதற்குக் கூடிய வாய்ப்பு வந்தால், 2021 முதல் மிட்வைஃப் சொன்ன அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்ய விருப்பமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கையில்தான் இரத்தம் எடுப்பார்கள், வயிற்றில் ஊசி படாது. தாயின் இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஆராய்ந்து 21, 18, 13 ஆம் நிறமூர்த்தங்கள் மேலதிகமாக உள்ளனவா என்று பார்ப்பார்கள். ஆனால் அத்துண்டுகளில் பெரும்பாலானவை தாயினுடையவை, பிள்ளையினுடையவை என்று பார்ப்பவை நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை; நஞ்சுக்கொடியில் இருப்பது சில வேளை பிள்ளையில் இராது. ஆகவே அதில் கூடிய வாய்ப்பு என்று வந்தாலும் அது முடிவல்ல, பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. அப்படி நீர் எடுப்பதால் கரு கலையும் வாய்ப்பு 200 இல் 1 இற்கும் குறைவு.

மச்சானைக் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெருங்கிய உறவில் கூடுகின்ற பரம்பரை நோய்களை இப்பரிசோதனை பார்ப்பதும் இல்லை. அப்படிப்பட்ட பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கு வேறு இரத்தப் பரிசோதனை உண்டு, அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

2022 இல் எனக்கும் இப்படி அழைப்பு வந்தபோது என் கணவர்தான் தமிழில் சொன்னார். "கூடிய வாய்ப்பு" என்பது அவர் வாயில் "பிள்ளைக்கு வருத்தமாம்" என்று வந்துவிட்டது. நான் அழுத அழுகையில் கிளிநொச்சியிலிருந்த அம்மா மறுநாளே வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். முதலில் எடுத்த இரத்தத்தில் பிள்ளையின் டி.என்.ஏ. போதாதென்று மீண்டும் எடுத்தார்கள், அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மகளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே அடுத்த சந்திப்புக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லிவையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கணவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வைத்தியர் சொல்வதை அவர் வாயால் கேட்காதீர்கள்.