பேரா, பாடமா? முதுகலை சேரப் போகிறவர்களின் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 27 வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ரிசல்ட் வரும் மாதத்தில் என் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததே இல்லை. இப்போது எழுதிக் கேட்கிறார்கள்: முதுகலைக்குக் கல்லூரியின் பேரைப் பார்ப்பதா, பாடத்தைப் பார்ப்பதா? பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாபநாசம், பி.எஸ்சி. வேதியியல்: சார், சென்னையில் பெரிய பெயருள்ள கல்லூரியில் எம்.எஸ்சி. பொது வேதியியல் கிடைத்திருக்கிறது. அவ்வளவாகத் தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு வேதியியல். மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போக ஆசை. "நாலு பேரிடம் சொன்னால் தெரியணும்" என்கிறார் அப்பா.

பதில்: அந்த நாலு பேரில் ஒருவரும் உனக்கு வேலை தரப் போவதில்லை, அம்மா. இரண்டு சிலபஸையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வை. முதல் இரண்டு செமஸ்டர் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல். வித்தியாசம் அதற்குப் பிறகு. விருப்பப் பாடம் என்று எட்டு பேப்பர் போட்டிருப்பார்கள், நடப்பது இரண்டாக இருக்கும். துறைக்குப் போன் போட்டு, "போன வருஷம் எது நடந்தது, யார் நடத்தினார்" என்று கேள்.

அடுத்து ஹெச்.பி.எல்.சி. கருவி, அதாவது ஒரு மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளப்பது. மருந்து கம்பெனி ஆய்வகத்தில் நாள் முழுக்க அதோடுதான் வேலை. "இருக்கிறதா" என்று கேட்காதே. இருக்கிறது என்றுதான் பதில் வரும். சில இடங்களில் ஏ.சி. அறையில் துணி போர்த்தி, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறந்து காட்டுவார்கள். அங்கே படிக்கும் சீனியரைப் பிடித்து, "உன் கையால் எத்தனை தடவை சாம்பிள் ஏற்றினாய்?" என்று கேள். "சார் செய்து காட்டினார்" என்று பதில் வந்தால் புரிந்துகொள். புராஜெக்ட் ஒரு முழு செமஸ்டரா, கடைசி இரண்டு மாத அவசரமா என்பதையும் கேட்டு வை.

நானே பேருக்காகப் போய் ஏமாந்தவன். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே போக வேண்டும் என்று கனவு. ஒரு பெரிய கல்லூரியின் சிலபஸில் மின்வேதியியல் பேப்பரைப் பார்த்துச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் அந்த ஜூனுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். பேப்பர் புத்தகத்தில் இருந்தது, வகுப்பில் இல்லை. பாலிமர் படித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

உன் கேள்விக்கு: கருவியில் கை வைக்க விடுகிறார்கள் என்றால் தெரியாத பல்கலைக்கழகம்தான். இல்லையென்றால் அப்பா சொல்வதைக் கேள்.

மன்னார்குடி, பி.இ. சிவில்: கேட் (எம்.இ., எம்.டெக். நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற இடத்தில் ஸ்ட்ரக்சுரல் (கட்டட அமைப்பு) கிடைக்கும், நடுத்தர இடத்தில் நீர்வளம் கிடைக்கும். எங்கள் வயல் கடைமடை. எனக்கு வாய்க்கால் வேலைதான் பிடிக்கிறது.

பதில்: அப்புறம் என்ன யோசனை தம்பி? அங்கீகாரம் பெற்ற இடம் எதுவானாலும் கேட் எழுதியவருக்கு மாத உதவித்தொகை 12,400 ரூபாய்தான். அதில் பெயருக்குக் கூடுதல் கிடையாது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் உங்கள் வயலுக்கு ஏன் தாமதமாக வருகிறது என்பதைப் பீம், தூண் கணக்கு சொல்லாது. கரன்ட் மீட்டரை (மின்சார மீட்டர் இல்லை, நீரின் வேகம் அளப்பது) வாய்க்காலில் இறக்கி நீரோட்டம் அளக்கிற கைடு அந்தத் துறையில் இருக்கிறாரா என்று மட்டும் பார். இன்னொன்று: டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் வேலைதான் குறி என்றால் பி.இ. போதும்.

நாகப்பட்டினம், பி.காம்.: எம்.பி.ஏ.வுக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, இங்கே நான் கட்சி மாறுகிறேன். எம்.பி.ஏ. பாடம் எங்கும் ஒன்றுதான். கூடப் படிப்பவர்கள் யார், எந்த கம்பெனி வளாகத்துக்கு வருகிறது என்பதில்தான் காசு. பேரைப் பார். எதில் விருப்பம் என்றே தெரியாதவர்களுக்கும் இதுவே பதில். தெளிவு வரும்வரை பேர் கொஞ்சம் தாங்கும்.

கும்பகோணம், பி.எஸ்சி. தாவரவியல்: பிரபலமான பல்கலைக்கழகத்தில் புதுப் பெயரில் ஒரு உயிரித்தொழில்நுட்பப் படிப்பு; இங்கே அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல். பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும்.

பதில்: தாவரவியல். யோசிக்கவே வேண்டாம். ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டத்தில் இருக்கும் பெயரைப் பார்க்கும். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால், இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். அது இல்லாமல், தேர்வில் பாஸாகியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றவர்களை எனக்குத் தெரியும். புதுப் பெயர்தான் வேண்டும் என்றால், அரசாணையைப் பார்த்துவிட்டுப் பீஸ் கட்டு.

பட்டுக்கோட்டை, ஒரு தந்தை: மகனுக்கு இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. கியூ.எஸ். என்கிற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் மேலே இருக்கும் இடம் என்கிறான். ஆறு மா நிலத்தை அடமானம் வைக்க வேண்டும்.

பதில்: கியூ.எஸ். மதிப்பெண்ணில் 30 சதவீதம் பேராசிரியர்களிடம் "எது நல்ல பல்கலைக்கழகம்" என்று கருத்துக் கேட்டுப் போடுவது, 15 சதவீதம் வேலை தருபவர்களிடம் கேட்டது. அதுவும் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கு. உங்கள் பையன் உட்காரப் போகும் துறைக்கு அல்ல. பாடவாரிப் பட்டியல் தனியாக இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருடப் படிப்பில் தடம் மாற நேரமே கிடையாது, அதனால் அங்கே பாடப் பொருத்தம் இரண்டு மடங்கு முக்கியம். படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் விசாவும் 2 வருடத்திலிருந்து, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இதையெல்லாம் எழுதிக் காட்டிய பிறகும் பையன் தெளிவாகப் பேசினால் அனுப்புங்கள். "ரேங்க் 80, அப்பா" என்பது மட்டுமே பதிலாக வந்தால் பத்திரத்தைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

திருவையாறு, எம்.எஸ்சி. கணிதம்: பிஎச்.டி.க்கு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கைடை. ராமானுஜன் கேம்பிரிட்ஜில் மூன்று கணித அறிஞர்களுக்கு எழுதினார். பேக்கர், ஹாப்சன் இருவரும் உதவவில்லை. 1913இல் ஹார்டி பதில் போட்டார். மூவரும் ஒரே பல்கலைக்கழகம்.

திருவாரூர், ஒரு தாய்: பெண்ணை வீட்டிலிருந்தே நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறோம். "திருவாரூர்லயா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: கேரளத்திலிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு அங்கே வந்து படிக்கும் பிள்ளைகளை உங்கள் ஊர் ரயில் நிலையத்திலேயே பார்க்கலாம். தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்துதலுக்கென்று இன்று தேசிய நிறுவனமாக இருப்பது, 1967இல் உங்கள் திருவாரூர் அரிசி ஆலையில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கியதுதான். அன்றும் சிரித்திருப்பார்கள். பெண் கேட்கும் துறையில் எத்தனை ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள் என்று ஒருநாள் நேரில் போய்க் கேட்டு வாருங்கள், பஸ்ஸில் அரை மணிப் பயணம்தானே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அங்கே சேர சி.யு.இ.டி. என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கான விண்ணப்பம் மார்கழி, தை வாக்கிலேயே வந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும். சம்பா அறுவடை மும்முரத்தில்தான் பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள்.