ஒரே கோர்ட்டில் இரண்டு பிள்ளைகள்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் முடிக்கப்போகும் பெரியவன் பேட்மிண்டனையே விட்டுவிடுவதாகச் சொல்கிறான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பிள்ளைகளின் அப்பாவோ இரண்டையும் திமிர் என்கிறார். இந்த நிலையில் பெரியவனை ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவில் பள்ளியை மாற்றுவது படிப்புக்கு நல்லதல்ல என்பது ஒரு காரணம். தோற்றவனை மலைக்கு அனுப்பிவிட்டு ஜெயித்தவனை வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்றுதான் அந்தப் பையன் அதை எடுத்துக்கொள்வான் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பிள்ளைகளுக்குள் இருக்கும் இந்தப் போட்டியை அவர்கள் உண்டாக்கவில்லை என்பதை நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவன் 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடுகிறான். 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடவேண்டிய சின்னவனையும் உங்கள் கணவர் அதே பிரிவில் பதிவு செய்து, இருவரையும் நேருக்கு நேர் மோதவிட்டிருக்கிறார். திறமையுள்ள பிள்ளை மேல் பிரிவில் ஆடுவதில் தவறில்லை, அதனால் ஆட்டம் வளரவும் செய்யும்; ஆனால் அந்த முடிவைப் பயிற்சியாளர் எடுக்க வேண்டும், அதுவும் அந்தப் பிள்ளையின் ஆட்டத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அண்ணனுக்கு ரோஷம் வரட்டும் என்பதற்காகத் தம்பியை இறக்கிவிடுவது இரண்டு பேருக்குமே செய்யும் கெடுதல்.

மாவட்டப் போட்டியில் நடந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயம் என்னை மிகவும் வருத்தியது. அண்ணனோடு ஆடிய ஆட்டத்தில் 20–16 என்று முன்னிலையில் இருந்து, செட்டை ஜெயிக்க ஒரே பாயிண்ட் மட்டும் பாக்கியிருந்தபோது சின்னவன் ஒரு சர்வீஸை வலையில் அடித்தான். அதன்பிறகு வந்த எளிய ஷட்டில்களையெல்லாம் கோட்டுக்கு வெளியே தூக்கிவிட்டு, செட்டையும் ஆட்டத்தையும் இழந்தான். உங்கள் கணவர் அதைக் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. தான் ஜெயித்தால் அன்று இரவு அண்ணனுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த 14 வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அண்ணன்காரனுக்கும் தம்பி விட்டுக்கொடுத்தது தெரிந்திருக்கும், அதைவிட அவமானம் அவனுக்கு வேறு இருந்திருக்காது. அவர்களுக்குள் பேச்சு நின்றதும், விளையாட்டே வேண்டாம் என்று பெரியவன் சொன்னதும் அந்த வாரத்தில்தான் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் பாசத்தைக் காட்டிக்கொள்ள வழியில்லாமல் நிற்கும் இரண்டு பிள்ளைகளைத்தான் அதில் நான் பார்க்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையை நடத்திக்கொண்டு, விடியும் முன்பே எழுந்து இரண்டு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர். இறகு ஷட்டிலுக்கும் ராக்கெட் நரம்புக்கும் எவ்வளவு செலவாகும் என்பது அந்தச் செலவைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த உழைப்புக்கு அவரை மதிக்கிறேன். ஆனால் கோயம்புத்தூரில் ஆடிவிட்டுத் திரும்பும்போது, கார் கிளம்பியதிலிருந்து வைகுந்தம் சுங்கச்சாவடி தாண்டும் வரையில் பெரியவன் விட்ட ஒவ்வொரு பாயிண்டையும் சொல்லிக் காட்டிக்கொண்டே வருவது பயிற்சி ஆகாது. அந்த நேரத்தில் பையனுக்கு உடல் அலுத்திருக்கும், மனமும் நொந்திருக்கும். காதில் விழுவது எதுவும் ஆட்டத்தில் சேராது, தான் இந்த வீட்டுக்கு ஒரு நஷ்டக் கணக்கு என்பது மட்டும் அவனுக்குள் தங்கிவிடும். போட்டி முடிந்த அன்று ஆட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது, மறுநாள் பயிற்சியாளர் பேசுவார் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள். இதை அவரிடம் பயிற்சியாளரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுப்பதாக அவர் நினைக்கக்கூடும்.

அவரை ஒதுக்கிவைக்கும் எண்ணமும் வேண்டாம். போக்குவரத்து, சாப்பாடு, கட்டணம், சான்றிதழ் கோப்பு இவையெல்லாம் அவர் பொறுப்பில் இருக்கட்டும். எந்தப் பிரிவில் ஆடுவது, யார் யாருடன் பயிற்சி எடுப்பது, எந்த அடியைத் திருத்துவது என்பவை பயிற்சியாளரிடம் போகட்டும். அண்ணன் தம்பி இருவரையும் சில மாதங்களுக்கு வேறு வேறு நேரத்தில் பயிற்சிக்கு அனுப்புங்கள். பெட்டி பெட்டியாக ஷட்டிலை எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் நின்று தம்பிக்குத் தூக்கிப் போடும் வேலையைப் பெரியவன் இனிச் செய்யக் கூடாது. தன் ஆட்டம் முடிந்துபோய்விட்டது என்று அவனுக்குத் தினமும் சொல்வது அந்த வேலைதான்.

உங்கள் கணவர் பிள்ளைகள் மேல் கை நீட்டுவதையும், தோற்ற அன்று சாப்பாடு போடாதே என்று சொல்வதையும் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். பொறுப்பில் உள்ளவர்கள் பிள்ளையை அடித்துக் கொடுமைப்படுத்துவதும் பட்டினி போடுவதும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றம். அது தொடருமானால் பயிற்சி, போட்டி எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு உதவி கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சின்னவன்தான் பிறவித் திறமைசாலி, பெரியவன் தேறமாட்டான் என்ற முடிவுக்கு உங்கள் கணவர் வந்துவிட்டார். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் வயது ஏறத்தாழ 14. சிலருக்கு அது முன்பே வந்துவிடும், சிலருக்குத் தள்ளிப்போகும். முன்பே வளர்ந்த பையன் அந்த வயதில் எல்லோரையும் அடித்து ஆடுவான். மற்றவர்கள் வளர்ந்த பிறகு நிலைமை மாறவும் கூடும். எனவே இரண்டு பேரைப் பற்றியும் இப்போதே தீர்ப்பு எழுதக் கூடாது. நம் தமிழ்நாட்டிலேயே வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் இருக்கிறார்கள். செஸ் ஆடத் தொடங்கியது அக்காள்தான். ஆனால் 2018இல் 12 வயதிலேயே தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆனார், நான்கு வயது மூத்த வைஷாலிக்கு அது 2023இல்தான் கைகூடியது. 2024இல் உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இருவரும் ஆடினார்கள், அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய அணிகளிலும் இருவரும் இருந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் தம்பியோடு ஒப்பிட்டு வீட்டிலேயே அவரை ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் கணவரை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இந்தக் கதையைப் பெரியவனிடம் சொல்லாதீர்கள். அவன் காதில் அதுவும் இன்னொரு ஒப்பீடாகத்தான் விழும்.

இனிப் பெரியவனின் படிப்பு. விளையாட்டை விடுவதா வேண்டாமா என்ற முடிவைப் பிளஸ் டூ தேர்வு முடியும் வரை தள்ளிவையுங்கள். அதுவரை அவனுக்குப் பிடித்தால் வாரத்தில் சில நாள் ஆடட்டும், பிடிக்காவிட்டால் ஓய்வெடுக்கட்டும். 19 வயதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று உங்கள் கணவர் பயமுறுத்துவது சரியல்ல, கல்லூரியில் சேர்ந்தபின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற சங்கமும் பள்ளிக் கல்வித் துறையும் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லுமே தவிர, தனியார் நடத்தும் போட்டிகளின் கோப்பைகள் செல்லாது. உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவற்றில் எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதே உங்கள் கணவருக்கு நான் கொடுக்கும் முதல் வேலை.

பெரியவன் ஆட்டத்தை நன்றாகப் படிக்கிறான், எதிராளியின் பலவீனத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கே ஆர்வம் இருந்தால் பயிற்சியாளர் தொழிலும் ஒரு வழி. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் அதற்கான படிப்புகள் உண்டு. பட்டப்படிப்புக்குப் பிறகு, 1961இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் படிக்கலாம். உயிரியல் எடுத்திருப்பதால் பிசியோதெரபியும் அவனுக்குத் திறந்தே இருக்கிறது. இவற்றில் எதையும் தம்பிக்குத் துணையாக இருப்பான் என்ற கணக்கில் தேர்ந்தெடுக்காதீர்கள். சின்னவனைப் பொறுத்தவரை இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் வயதுப் பிரிவில் ஆடட்டும், பத்தாம் வகுப்பை ஒழுங்காகப் படிக்கட்டும்.

முதல் சந்திப்புக்குப் பெரியவன் மட்டும் வரட்டும், நீங்கள் வெளியில் உட்கார்ந்திருந்தால் போதும். பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலையும் இதுவரை வாங்கிய சான்றிதழ்களின் அசலையும் அவனே எடுத்துக்கொண்டு வரட்டும். அடுத்த வாரம் உங்கள் கணவரும் பயிற்சியாளரும் ஒன்றாக வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பட்டறைக்கு விடுமுறையான நாளில் வைத்துக்கொள்ளலாம்.