கிராஸ்ஓவரை நானே சால்டர் செய்து கோக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே டூ-வே ஸ்பீக்கர் ஒரு ஜோடி செய்கிறேன். கிராஸ்ஓவருக்கான காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் கையில் இருக்கின்றன. பிசிபி (பாகங்களைப் பொருத்தும் அச்சுச் சுற்றுப் பலகை) மட்டும் இல்லை. மரப்பலகையில் வைத்தே சால்டர் செய்யலாமா? எங்கே தவறு வரும்?

தாராளமாகச் செய்யலாம். தாழ்ந்த ஸ்வரங்களை வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கருக்கும், உயர்ந்தவற்றை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றுதான் கிராஸ்ஓவர். பிசிபி இல்லாதது குறையே இல்லை. ஒரு ஸ்பீக்கருக்கு மொத்தமே ஆறேழு பாகம், பத்துப் பன்னிரண்டு இணைப்பு. 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்று போதும். பாகங்களின் கால்களையே ஒன்றோடொன்று முறுக்கிப் பற்றவைத்துவிடலாம்.

எங்கே தவறு வரும் என்று கேட்டீர்கள். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். முதல் ஜோடியைச் செய்து முடித்த பிறகு, இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் கூட்டினால் வூஃபர் கரகரக்கும், சில நேரம் அப்படியே அடங்கிவிடும். குறைத்தால் ஒழுங்காகப் பாடும். வூஃபரைச் சந்தேகப்பட்டேன், ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன், வயரை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் பலகையை வெளியே எடுத்து, வூஃபர் காயிலின் முனையை இடுக்கியால் லேசாக இழுத்தேன். ஈயக் குண்டு அங்கேயே நின்றது. கம்பி மட்டும் உறையிலிருந்து கத்தி உருவியது போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. குண்டுக்குள் வழவழவென்று ஒரு துளை. வெளியே பார்த்தால் பளபளவென்று அழகான பற்றவைப்பு. உள்ளே ஈயம் கம்பியில் ஒட்டவே இல்லை!

காரணம் எனாமல். காயில் கம்பி செம்பு நிறத்தில் இருப்பதால் வெறும் கம்பி என்று கண் ஏமாந்துவிடும், ஆனால் அதன் மேல் மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. நான் முனையை ஒப்புக்குச் சுரண்டியிருக்கிறேன், வெட்டிய நுனியில் மட்டும் ஏதோ தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பெட்டி அதிரும்போதெல்லாம் அந்தத் தொடுப்பும் விட்டுப்போயிருக்கிறது. சில கம்பிகளின் பூச்சு சூட்டிலேயே கரைந்துவிடும் என்பது உண்மைதான். உங்களுடையது அந்த வகையா என்று யோசிப்பதைவிடச் சுரண்டிவிடுவது சுலபம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளேடாலோ உப்புத்தாளாலோ கம்பியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, இளஞ்சிவப்புச் செம்பு தெரிய வேண்டும். அப்புறம் அந்த முனைக்கு மட்டும் தனியாக ஈயம் பூசுங்கள். ஈயம் கம்பியைச் சுற்றிப் படர்ந்தால் சரி. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் இன்னும் சுரண்ட வேண்டும்.

அடுத்தது சூடு. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத வகைக்கு 217க்கு மேல் வேண்டும். அதற்காக 25 வாட் அயர்ன் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த செம்புக் கம்பி சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். 60 வாட் அயர்ன், உளி போன்ற பட்டை முனை, 350 டிகிரி வாக்கில் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று வினாடியில் வேலை முடியும். கேட்க முரணாக இருக்கும், ஆனால் சின்ன அயர்னை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பதுதான் கெப்பாசிட்டரை வேக வைக்கும். ஈயம் ஒட்ட உதவும் ரோசின் என்ற பிசின் உள்ள ஈயமே வாங்குங்கள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கம் போகவே வேண்டாம், நாளடைவில் செம்பை அரித்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் கை கழுவுங்கள்.

பற்றவைப்பதற்கு முன் பாகங்களைப் பலகையில் சும்மா பரப்பி வைத்துப் பாருங்கள். இதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவானாலும் பரவாயில்லை. இரண்டு காயில்களை அருகருகே ஒரே வாக்கில் படுக்க வைத்தால், ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகுந்து, வூஃபருக்குப் போவதில் கொஞ்சம் ட்வீட்டர் பக்கம் கசியும். ஒன்றைப் படுக்க வையுங்கள், இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள், பலகையின் இரு கோடிகளில். காயிலின் நடுவே இரும்பு ஸ்குரூ போட்டு முடுக்காதீர்கள், இண்டக்டன்ஸ், அதாவது காயிலின் மதிப்பு, ஏறிவிடும். நைலான் டையால் கட்டிவிட்டால் போதும். சிமென்ட் ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், அதைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தி, பசை, டை எதுவும் படாமல் விடுங்கள்.

கெப்பாசிட்டர் பிராண்ட் பற்றிய சண்டைகளை நான் பொருட்படுத்துவதில்லை. ட்வீட்டருக்குத் தொடராக வருவது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமாக இருக்கட்டும். வூஃபருக்குக் குறுக்கே வருவது பைபோலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிட்டிக்காக இருந்தாலும் என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் பிளஸ் மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடவே கூடாது.

இனி பலரும் 'திருத்தி'க் கெடுத்துக்கொள்ளும் இடம். உங்கள் வரைபடத்தில் ட்வீட்டரின் பிளஸ் முனை மைனஸ் வயருக்குப் போவதாக இருந்தால், அச்சுப்பிழை என்று மாற்றிவிடாதீர்கள். ஏட்டுக் கணக்குப்படி 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகை அமைப்பில், 8 ஓமுக்குக் கெப்பாசிட்டர் 3.3 மைக்ரோஃபாரட், காயில் 0.85 மில்லிஹென்றி வரும். அங்கே வூஃபர், ட்வீட்டர் இரண்டின் அலைகளும் 180 டிகிரி விலகி, நேரெதிராக நிற்கும். ட்வீட்டரைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரு பள்ளம் விழும், பாடகர் இரண்டடி பின்னால் போய்விட்டது போலக் கேட்கும். என்னிடம் யாராவது "குரல் மங்கலாக இருக்கிறது" என்றால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டர். வூஃபர் பக்கம் மட்டும் இணைத்து உள்ளீட்டில் அளந்தால், 8 ஓம் வூஃபருக்கு ஏறத்தாழ 6 ஓம் காட்டும். முனைகளை ஆட்டிப் பாருங்கள், எண் தாவக் கூடாது. ட்வீட்டர் பக்கம் மட்டும் அளந்தால் கெப்பாசிட்டர் தடுப்பதால் ஓபன் (இணைப்பே இல்லை) என்றே காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் எதையோ தவறாகக் கோத்திருக்கிறீர்கள், ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள். கடைசியாக ட்வீட்டருக்குக் குறுக்கே உள்ள காயில். ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, மீட்டர் கம்பியைக் காயிலின் மேல் வைக்காமல், பற்றவைப்புக்கு அந்தப் பக்கம் உள்ள வயர்களில் வைத்து அளந்து பாருங்கள். அரை ஓம் வாக்கில் வர வேண்டும். இந்த இணைப்பு விட்டிருந்தால் பாட்டு பாடிக்கொண்டேதான் இருக்கும், சற்றுக் கூர்மையாகக் கேட்கும், அவ்வளவுதான். அதற்குள் தாழ்ந்த ஸ்வரங்கள் வேண்டிய அளவு குறையாமல் போய் ட்வீட்டர் கருகிவிடலாம். என்னுடைய கரகரப்பாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

பலகையை உடனே பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். நீள வயர் விட்டு வெளியே வைத்து ஒரு வாரம் கேளுங்கள். ட்வீட்டரின் சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரை எப்படியும் ஒரு முறையாவது மாற்றுவீர்கள். ட்வீட்டர் முனையில் மட்டும் நேரடியாகப் பற்றவைக்க வேண்டாம். அந்தத் தகடு பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கும், சூடு பட்டால் இளகி ஆடத் தொடங்கும். செருகும் லக் (வயர் நுனியில் மாட்டும் தகட்டு உறை) போட்டுக்கொள்ளுங்கள். வயரைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தாலும் கையாலேயே கழற்றி மாட்டிவிடலாம்.